அட்மிரல் பெங்கெல்லியின் பதவி உயர்வுகள்

ஜாஸ்பர் பெங்கெல்லி கேப்டன் ஆன மறு வாரமே சமாதானம் வந்து தொலைத்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஓயாமல் நடந்த போர், அவர் தோளில் புதுச் சரிகை ஏறட்டும் என்று காத்திருந்தது போல அன்றைக்கு நின்றது. நாடு முழுக்க மணி அடித்தார்கள். ஃபால்மத் துறைமுகத்தில் பீப்பாய் பீப்பாயாக பீர் ஓடியது. பெங்கெல்லியிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து, கப்பலை விட்டு இறங்கச் சொன்னார்கள். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

பன்னிரண்டு வயதில் கப்பலேறியவர். கன்னத்தில் படுகிற காற்றை வைத்தே அடுத்த ஒரு மணி நேரத்தைச் சொல்லிவிடுவார். பிரதான பாய்மரம் முறிந்து விழுந்த கப்பலை, பெரும் புயலில் பாறைகளுக்கு நடுவே ஆறு நாள் ஓட்டி, இருநூறு பேரையும் உயிரோடு கரை சேர்த்ததற்காகத்தான் அவருக்குக் கேப்டன் பதவியே கிடைத்தது. அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலை. சமாதானம் வந்துவிட்டதால் அந்த வேலைக்கு இனி அவர் தேவையில்லை என்று கடிதம் சொன்னது. ஆனால் பதவி பத்திரமாக இருக்கும் என்றும் சொன்னது. அவர் பெயர் பட்டியலில் ஏறிவிட்டதாம்.

இந்தப் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கேப்டன் ஆன தேதிப்படி எல்லாக் கேப்டன்களின் பெயரும் அதில் வரிசையாக இருக்கும். யாரையும் யாரும் தாண்ட முடியாது. யாரையும் யாரும் நீக்க முடியாது. மேலே ஒருவர் செத்தால் கீழே உள்ளவர்கள் எல்லாரும் ஒரு படி ஏறுவார்கள். உச்சிக்கு வந்த கேப்டன், அட்மிரல்களில் ஒருவர் கண்ணை மூடியதும் தானாக அட்மிரல் ஆகிவிடுவார். அதற்குக் கப்பல் ஓட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. கடலைப் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும். பெங்கெல்லி எழுநூற்றுத் தொண்ணூற்று நான்காவது ஆளாக இருந்தார்.

நாலு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கப்பல் கேட்டு லண்டனுக்குப் போனார்.

பட்டியல் அலுவலகத்தின் காத்திருப்பு அறையில் நாற்பது கேப்டன்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் முழுச் சீருடையில், இடுப்பில் வாளோடு. ஜன்னலோரத்தில் இருந்த காலி நாற்காலியில் பெங்கெல்லி உட்காரப் போனதும் வாயிற்காவலன் ஓடி வந்தான்.

"சார், சார், அதுல உக்காராதீங்க. அது கேப்டன் ஹாலிடோட நாற்காலி."

"அவர் எங்கே?"

"போன மாசம் இறந்துட்டார் சார். மூணு வருஷமா அதுலதான் உக்காந்து காத்திருந்தார். அவருக்கு அடுத்து யார் அதுல உக்காரணும்னு ஒரு வரிசை இருக்கு. நீங்க நிக்கணும்."

பெங்கெல்லி பதினொரு நாள் நின்றார். பன்னிரண்டாம் நாள் உள்ளே கூப்பிட்டார்கள். சர் லயனல் ஃபாசெட் அப்போதுதான் அந்த அலுவலகத்தின் செயலராகியிருந்தார். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. ஆனால் பிறக்கும்போதே மேஜையோடு பிறந்தவர் மாதிரி அதன் பின்னால் பொருந்தி உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க பெங்கெல்லி. என்ன வேணும்?"

"கப்பல் வேணும் சார்."

விருந்து மேஜையில் யாரோ வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேச்செடுத்தது போல சர் லயனல் முகம் சுளித்தார்.

"வர்றவங்க எல்லாம் இதையே கேக்கறீங்க. கப்பல், கப்பல், கப்பல். நான் ஒண்ணு சொல்லட்டுமா? கப்பல் மூழ்கும். மக்கும். எலி அரிக்கும். இந்தப் பட்டியல் இருக்கே, இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது மூழ்கியிருக்கா? புயல் வந்தது, போர் வந்தது, ஒரு வரி அசையலை. கடற்படைன்னா இதுதான். கப்பலெல்லாம் சும்மா அதுக்கு ஒரு அலங்காரம்."

"நான் மாலுமி சார். கரையில எனக்கு வேலை எதுவும் தெரியாது."

"தெரியவே வேணாம். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். உயிரோட இருங்க. இந்த நாடு உங்ககிட்ட வேற எதையும் எதிர்பாக்கலை. முடியுமா?"

பெங்கெல்லி யோசித்தார். "முயற்சி பண்றேன் சார்."

"அதான் வேணும். இப்படி மன உறுதி இருக்கறவங்களாலதான் நாடு நிக்குது," என்று சொல்லிச் சர் லயனல் மணியை அடித்தார்.

ஃபால்மத்தில், துறைமுகத்தைப் பார்த்த மேட்டு வீட்டில் பெங்கெல்லி உயிரோடு இருக்கத் தொடங்கினார். மனைவி ஹெஸ்டர் அவருக்குத் துணையாக இருந்தாள். ஒவ்வொரு ஜனவரியிலும் அச்சடித்த பட்டியல் தபாலில் வரும். ஹெஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போன வருஷத்துப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள்.

"ஜாஸ்பர், இருபத்தாறு பேர் போயிட்டாங்க!"

"ஹெஸ்டர்!"

"பாவம்தான். நான் இல்லைன்னா சொன்னேன்? எண்ணிட்டு வருத்தப்படலாம்னு பாத்தேன். நீங்க அறுநூத்துப் பதினொண்ணு."

அவள் இரக்கமுள்ளவள். எண்ணி முடித்ததும் உண்மையிலேயே வருத்தப்படுவாள். தெரிந்த பெயராக இருந்தால் அந்த வீட்டுக்காரிக்குக் கடிதமும் எழுதுவாள்.

பெங்கெல்லியின் பழைய கப்பலில் படகுத் தலைவனாக இருந்த சாம்சன் பொலித்தோ அதே ஊர்க்காரன். போர் முடிந்ததும் மீன்பிடிக்கத் திரும்பிவிட்டான். காலையில் அவன் படகு இறங்கும்போது பெங்கெல்லியும் ஏறிக்கொள்வார். இரண்டு பேரும் ஆளுக்கொரு துடுப்புப் போட்டு, மத்தி வலை விரித்துவிட்டு, பைப் புகைத்துக்கொண்டு மிதப்பார்கள். சாம்சனின் மகள் கெசையா கைக்குழந்தையாக இருந்தபோது அவளையும் கூடையில் வைத்துக் கூட்டிப் போவார்கள். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் பெங்கெல்லி மீதி நேரமெல்லாம் மூச்சு விட்டார் என்று சொல்லலாம்.

ஒரு நாள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மாட்சிமை தங்கிய அரசரின் கேப்டன் ஒருவர் தம் கையாலேயே துடுப்புப் போட்டதை யாரோ பார்த்திருக்கிறார்கள். மத்தி மீனும் உடன் இருந்திருக்கிறது. இது பதவிக்கு ஒவ்வாத துடுப்பு. உடனே நிறுத்தப்பட வேண்டும்.

எந்த மாதிரிப் படகில் போகலாம் என்று பெங்கெல்லி பணிவாகக் கேட்டு எழுதினார். பதினான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. கேப்டன் எட்டுத் துடுப்புப் படகில், ஒரே மாதிரிச் சட்டை போட்ட எட்டு ஆட்களோடு போகலாம். அப்படிப்பட்ட படகு கப்பலுக்குச் சொந்தமானது. அவருக்குக் கப்பல் இல்லாததால் படகும் இல்லை.

சாம்சன் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டான்.

"அப்போ நீந்தலாமா கேப்டன் ஐயா?"

"அதைப் பத்தி ஒண்ணும் போடலையே சாம்சன். கேட்டு எழுதட்டுமா?"

"ஐயோ வேணாம் ஐயா. பதில் வந்துடும்."

அதற்குப் பிறகு பெங்கெல்லி கடலில் கால் வைக்கவில்லை. மேட்டு வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம் என்று ஹெஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அவள் துணி உலர்த்த அது உதவியாக இருந்தது.

இப்படியே முப்பத்தொரு வருஷம் போனது. அரசர்கள் மாறி அரசி வந்தார். அமைச்சர்கள் வந்து போனார்கள். சர் லயனல் மட்டும் இருந்த இடத்தில் இருந்தார். ஒரு குளிர்காலத்தில் காய்ச்சல் பரவி அட்மிரல்கள் ஐந்தாறு பேரை ஒன்றாக வாரிக்கொண்டு போனது. ஐம்பத்தாறு வயதில் ஜாஸ்பர் பெங்கெல்லி, அட்மிரல்களில் கடைசிப் படியான ரியர் அட்மிரல் ஆனார்.

ஊரே திரண்டு வந்து வாழ்த்தியது. மேயர் உரை நிகழ்த்தினார். "ஒரு படிகூடத் தாண்டாமல், ஒரு படிகூட இறங்காமல், எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று பேரைக் கடந்து வந்த வீரர்" என்றார். பெங்கெல்லிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்த எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று பேரும் கண் முன்னால் வரிசையாகப் படுத்திருப்பது போலத் தோன்றியது.

"நான் ஒண்ணுமே பண்ணலையே ஹெஸ்டர்," என்றார் வீட்டுக்கு வந்து.

"அதைத்தான் ரொம்ப ஒழுங்கா பண்ணீங்களே! மத்தவங்க கீழ விழுந்தாங்க, குடிச்சுக் கெட்டாங்க, கடலுக்குப் போனாங்க. நீங்க எதுவும் பண்ணாம இருந்தீங்க. தொப்பியைக் கழட்டுங்க, இறகு விளக்குல படுது."

அட்மிரல் ஆனதும் அவரை ஒரு குழுவில் போட்டார்கள். நீராவிக் கப்பல்கள் குறித்த குழு. ஏழு அட்மிரல்கள். எல்லார் வயதையும் கூட்டினால் ஐந்நூறு வரும். ஏழு பேரில் ஒருவரும் நீராவிக் கப்பலில் ஏறியதில்லை. மூன்று வருஷம் மாதம் ஒருமுறை கூடி, மதியச் சாப்பாட்டில் ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு ஆலோசித்தார்கள். புகை கறுப்பாக இருப்பதால் பாய்கள் அழுக்காகின்றன, ஆகவே புகை வெள்ளையாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எஞ்சின் சத்தம் அதிகாரிகளின் உரையாடலுக்கு இடைஞ்சலாக இருப்பதால், அதிகாரிகள் பேசும்போது எஞ்சினை நிறுத்த வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள்.

ஒரு கூட்டத்தில் பெங்கெல்லி தயங்கித் தயங்கி எழுந்தார். "நாம ஒரு தடவை போய் அந்தக் கப்பலைப் பாத்துட்டு வந்தா என்ன?"

அறையில் கரண்டிச் சத்தம் நின்றது. தலைவராக இருந்த அட்மிரல் தன் காதுக் குழலை எடுத்து மாட்டிக்கொண்டு, "என்ன சொல்றார் இவர்?" என்று பக்கத்தில் கேட்டார்.

"கப்பலைப் பாக்கணுமாம்."

"எதுக்கு? அப்புறம் நம்ம கருத்து ஒரு பக்கமா சாஞ்சுடாதா?"

கூட்டக் குறிப்பில், 'ரியர் அட்மிரல் பெங்கெல்லி வானிலையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசினார்' என்று எழுதினார்கள்.

பிறகு போர் வந்தது. வடக்கே, பனி மூடிய ஒரு கடலில். ஒன்பது கப்பல்கள் கொண்ட படைப்பிரிவு ஒன்றுக்குத் தலைவர் தேவைப்பட்டார். அலுவலகம் பட்டியலைப் புரட்டியது. மேலே இருந்தவர்களில் ஒருவருக்குக் கண் தெரியவில்லை. ஒருவர் தன்னைத் துருக்கி ராணி என்று நினைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவருக்குக் கடிதம் அனுப்பியபோது அவர் இறந்து இரண்டு வருஷம் ஆனது தெரிந்தது. விரல் பெங்கெல்லியில் வந்து நின்றது. அவருக்கு அறுபத்து நான்கு வயது. கப்பலை விட்டு இறங்கி முப்பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

வாழ்நாள் முழுக்கக் கேட்ட கப்பல் கிடைத்துவிட்டது. ஒன்றில்லை, ஒன்பது. ஒன்பதும் நீராவிக் கப்பல். கடிதத்தை வைத்துக்கொண்டு பெங்கெல்லி நெடுநேரம் ஜன்னலில் உட்கார்ந்திருந்தார்.

"சந்தோஷமா இல்லையா?" என்றாள் ஹெஸ்டர்.

"பயமா இருக்கு ஹெஸ்டர். அந்தக் கப்பல்ல ஆள் இருப்பாங்க."

மறுநாளே லண்டனுக்குக் கிளம்பினார். சர் லயனலுக்குத் தலை நரைத்திருந்தது. மேஜை அப்படியே இருந்தது.

"சார், என்னால முடியாது. நீராவியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. கேப்டன் மார்வுட்னு ஒருத்தர் இருக்கார். பன்னெண்டு வருஷமா நீராவிக் கப்பல்லயே இருக்கார். அவரைப் போடுங்க."

சர் லயனல் பட்டியலைத் திறந்தார். "மார்வுட் நூத்து எண்பத்தெட்டாவது ஆள். அவரைத் தூக்கி மேல வெச்சா, அவருக்கு முன்னால இருக்கற நூத்து எண்பத்தேழு கேப்டன்களோட கதி என்ன?"

"உயிரோட இருப்பாங்க சார். கப்பல்ல இருக்கறவங்களும் இருப்பாங்க."

"பெங்கெல்லி, உணர்ச்சிவசப்படாதீங்க. திறமையைப் பாத்து ஆளைப் போட ஆரம்பிச்சா, அப்புறம் திறமை இருக்கான்னு நாங்க கண்டுபிடிக்கணும். அதுக்கு இங்க யாருக்குத் தெரியும்? வயசுன்னா எண்ணிடலாம். மார்வுட்டை நீங்க ஏறற கொடிக்கப்பல்ல கேப்டனா போடறோம். உங்களுக்குத் துணையா இருக்கட்டும்."

"நான் மறுத்தா?"

"மறுக்கறதுக்குப் படிவம் இல்லை," என்றார் சர் லயனல், உண்மையான வருத்தத்தோடு.

படைப்பிரிவு கிளம்புகிற அன்று துறையில் சாம்சன் நின்றிருந்தான். பக்கத்தில் கெசையா. அவள் புருஷன் ஜோரி, படைப்பிரிவிலேயே சின்னக் கப்பலான 'விஸ்ப்'பில் உலைக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து அட்மிரலுக்கு வணக்கம் வைத்தான்.

"நீங்க இருக்கீங்கன்னு சொன்னதும்தான் எங்க மாமா என்னைப் போகச் சொன்னார் ஐயா," என்றான்.

"ஐயாவுக்குத் தெரியாத காத்தா?" என்றான் சாம்சன் பெருமையாக. பெங்கெல்லி கப்பல்களின் புகைபோக்கிகளைப் பார்த்தார்.

இரண்டு மாதம் அவர் கவனமாக இருந்தார். காலையில் மேல்தளத்துக்கு வந்து மார்வுட்டைப் பார்ப்பார். "என்ன பண்ணலாம் கேப்டன்?" மார்வுட் சொல்வார். "அப்படியே என் உத்தரவுன்னு மத்தக் கப்பல்களுக்குக் கொடியேத்துங்க," என்று சொல்லிவிட்டுப் பெங்கெல்லி தள்ளி நின்றுகொள்வார். மார்வுட் நல்ல மனிதர், வாய் அதிகம் திறக்காதவர். இந்த ஏற்பாடு இருவருக்கும் ஒத்துப்போனது. ஒரு கப்பலுக்கும் கீறல் விழவில்லை. இப்படியே போர் முடிந்துவிடக் கூடாதா என்று பெங்கெல்லி ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொண்டார்.

ஆகஸ்டில் ஒரு முற்பகல், இரண்டு தீவுகளுக்கு நடுவே ஒடுக்கமான வழியில் கப்பல்கள் இரண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. தெளிந்த வானம். திடீரென்று பெங்கெல்லியின் இடது கன்னத்தில் காற்று மாறி அடித்தது. வலப்பக்கம் பாறைகள். முப்பத்தொன்பது வருஷம் ஜன்னலில் உட்கார்ந்திருந்த உடம்பு, கேட்காமலேயே விழித்துக்கொண்டது.

"காத்துக்கு நேரே திருப்பு! எல்லாக் கப்பலும்! கொடி ஏத்துங்க!"

மார்வுட் திரும்பினார். "வேணாம் சார். எஞ்சின் ஓடுது, காத்து நம்மளை ஒண்ணும் பண்ணாது. நேராவே போயிடலாம்."

"பாறை இருக்கு, திருப்புய்யா!"

கொடி ஏறிவிட்டது. அட்மிரலின் கொடி. பாய்மரக் கப்பல்களாக இருந்தால் அந்த உத்தரவு எல்லாரையும் காப்பாற்றியிருக்கும். நீராவிக் கப்பல்களுக்கு அது தேவையே இல்லை. பெரிய கொடிக்கப்பல் சட்டென்று திரும்ப, இடப்பக்கத்து வரிசையில் இருந்த 'விஸ்ப்' அந்த அளவு வேகமாகத் திரும்ப முடியாமல் அதன் மூக்குக்கு நேரே மாட்டிக்கொண்டது. கொடிக்கப்பல் அதை ஒரு ரொட்டியை வெட்டுவது போலப் பாதியாக வெட்டியது. நான்கே நிமிஷத்தில் 'விஸ்ப்' மூழ்கிவிட்டது. மேல்தளத்தில் இருந்தவர்களில் பதினான்கு பேர் செத்தார்கள். கீழே உலையருகே இருந்த ஐந்து பேருக்கும் ஏணிக்கு வரவே நேரமில்லை. அதில் ஜோரி ஒருவன்.

அன்று மாலையே பெங்கெல்லி அறிக்கை எழுதினார். மொத்தம் ஐந்து வரி. உத்தரவு என்னுடையது. அது தவறு. கேப்டன் மார்வுட் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. பத்தொன்பது பேர் என்னால் இறந்தார்கள். என்னை விசாரிக்க வேண்டும்.

அவரைத் திரும்ப அழைத்தார்கள். சர் லயனல் அந்த ஐந்து வரியை விரல் நுனியால் பிடித்திருந்தார்.

"இது என்ன பெங்கெல்லி?"

"நடந்தது சார்."

"நடந்தது சரி. ஆனா இது நடந்திருக்க முடியாதே! யோசிச்சுப் பாருங்க. தப்பான உத்தரவு போடற ஆள் அட்மிரல் ஆகியிருப்பாரா? நீங்க அட்மிரல். அப்போ உத்தரவு தப்பில்லை. வேற ஏதோ தப்பா இருக்கணும். நாங்க விசாரிச்சோம். உலையில தீ போதலை. கரி போடறவங்க அசட்டையா இருந்திருக்காங்க, அதான் கப்பல் வேகமா திரும்பலை."

"அவங்க அஞ்சு பேரும் செத்துட்டாங்க சார்."

"அதனாலதான் அவங்களைத் தேர்ந்தெடுத்தோம்," என்றார் சர் லயனல் மென்மையாக. "உயிரோட இருக்கறவங்க மேல போட்டா மனசு நோகும். நாங்க ஒண்ணும் கல்நெஞ்சக்காரங்க இல்லை."

"என்னை ராணுவ நீதிமன்றத்துல நிறுத்துங்க. அது என் உரிமை."

"உரிமைதான். யார் மறுத்தா? ஆனா அட்மிரலை விசாரிக்க அவருக்கு மேல உள்ள அஞ்சு அட்மிரல் வேணும். விசாரணை கப்பல்லதான் நடக்கணும். அவங்களால ஏணி ஏற முடியாது. போன தடவை நாற்காலியில வெச்சுக் கட்டி, கயித்துல தூக்கினோம். ரெண்டு பேருக்கு மயக்கம். ஒருத்தர் மேல போனவர் இறங்க மாட்டேன்னுட்டார், காத்து நல்லா இருக்காம். அதுக்கப்புறம் யாரையும் விசாரிக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம். அதுலேர்ந்து பாருங்க, ஒரு அட்மிரல்கூடக் குற்றம் பண்ணினது இல்லை."

பெங்கெல்லி தன் வாளைக் கழற்றி மேஜையில் வைத்தார். சர் லயனல் அதை நன்றியோடு பார்த்து, காகிதங்கள் பறக்காமல் இருக்க அதை அவற்றின் மேல் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

ஃபால்மத்துக்கு வந்தபோது கெசையாவின் வீட்டுக்கு அலுவலகத்தின் கடிதம் முந்திக்கொண்டு வந்திருந்தது. ஜோரி தன் கடமையில் காட்டிய அசட்டையால் கப்பலுக்குச் சேதம் விளைந்தது என்றும், அவன் இறந்துவிட்டபடியால் தண்டனை ரத்து செய்யப்படுகிறது என்றும் அதில் எழுதியிருந்தது. கையெழுத்துக்கு மேலே, ஆழ்ந்த அனுதாபங்கள் என்றும் இருந்தது. பெங்கெல்லி மூன்று முறை மேட்டிலிருந்து இறங்கி, சாம்சனின் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார்.

அடுத்த வசந்தத்தில் தேவாலயத்தில் கல் வைக்க ஏற்பாடானது. 'விஸ்ப்' கப்பலோடு போனவர்களின் நினைவுக்கு. பதினான்கு பெயர்கள். உலைக்காரர்கள் ஐந்து பேரின் பெயர் இல்லை. அந்தக் கல்லைத் திறந்து வைக்க, முழுச் சீருடையில் வரும்படி அட்மிரல் பெங்கெல்லிக்கு உத்தரவு வந்தது.

"போகாதீங்க," என்றாள் ஹெஸ்டர்.

"போறேன். அங்க எல்லாரும் இருப்பாங்க. எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். ஊரே கேட்டுட்டா அப்புறம் யாரும் அழிக்க முடியாது."

"அதுக்கப்புறம் உங்களை என்ன பண்ணுவாங்க?"

"ஏதாவது பண்ணட்டும். அதைத்தானே கேக்கறேன்."

தேவாலயத்துக்கு வெளியே, புல்வெளியில் மேடை. வாத்தியக் குழு. மேயர், பிஷப், லண்டனிலிருந்து சர் லயனல். ஊர் முழுக்கக் கூடியிருந்தது. கடைசி வரிசையில், சுவரோரமாக, கறுப்பு உடுப்பில் கெசையா நின்றிருந்தாள். பக்கத்தில் சாம்சன், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

சர் லயனல் முதலில் பேசினார். "இந்தப் படைப்பிரிவு ஒன்பது கப்பல்களோடு கிளம்பியது. எட்டுக் கப்பல்களோடு திரும்பியது. நூற்றுக்கு எண்பத்தெட்டுக்கும் மேல்! எதிரியால் ஒரு கப்பலைக்கூட மூழ்கடிக்க முடியவில்லை என்பதை இங்கே நான் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்." எல்லாரும் கை தட்டினார்கள்.

பெங்கெல்லி எழுந்தார். அலுவலகம் எழுதிக் கொடுத்த பேச்சை மடித்துப் பைக்குள் வைத்தார். குரல் பழைய கப்பல் தளத்துக் குரலாக, கடைசி வரிசை வரை போனது.

"நான் ஒண்ணு சொல்லணும். இந்தப் பேரெல்லாம் இந்தக் கல்லுல இருக்கறதுக்குக் காரணம் நான். உலையில தீ நல்லாத்தான் எரிஞ்சுது. நான் தப்பா உத்தரவு போட்டேன். போடாதீங்கன்னு சொன்னாங்க, கேக்கலை. பத்தொன்பது பேரைக் கொன்னது நான்தான். இந்தக் கல்லுல அஞ்சு பேர் குறையுது. அவங்க எந்தத் தப்பும் பண்ணலை."

மேயரின் மனைவி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

"எவ்வளவு பெரிய மனசு!" என்றாள்.

"அட்மிரல்னா இவர் அட்மிரல்!" என்று யாரோ கத்தினார்கள். "தன் ஆளுங்க செஞ்ச தப்பைத் தன் தலையில போட்டுக்கறார் பாருய்யா!"

பிஷப் எழுந்து நின்று கை தட்டினார். பிறகு எல்லாரும் எழுந்தார்கள். தொப்பிகள் மேலே பறந்தன. "இல்லை, இல்லை, நான் நெசமாத்தான் சொல்றேன்," என்று பெங்கெல்லி கத்தினார். கைதட்டல் இன்னும் கூடியது. அந்த அடக்கத்தைப் பார்த்து இரண்டு பத்திரிகைக்காரர்கள் அழுதுகொண்டே எழுதினார்கள்.

பெங்கெல்லி மேடையை விட்டு இறங்கிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். போகிற வழியெல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சுவரோரத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. சாம்சன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கெசையா மட்டும் அவரை நேராகப் பார்த்தாள்.

"ஐயா, நீங்க சொன்னது நெசந்தானா?"

"நெசம் கெசையா. ஒவ்வொரு வார்த்தையும் நெசம்."

"ஜோரி தூங்கலையே? தீயை விட்டுடலையே?"

"இல்லம்மா. அவன் வேலையை அவன் பண்ணிக்கிட்டுதான் இருந்தான்."

அவள் இன்னும் தட்டிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தாள்.

"அப்புறம் எதுக்கு இவங்க எல்லாரும் கை தட்டறாங்க?"

பெங்கெல்லியின் முழங்கையில் ஒரு கை விழுந்தது. சர் லயனல். முகமெல்லாம் பூரிப்பு.

"பிரமாதம் பெங்கெல்லி! நாங்க எழுதிக் கொடுத்ததைவிட ஆயிரம் மடங்கு மேல். அடுத்த மாசம் பிளிமத்துல ஒரு கல்லு இருக்கு. அப்புறம் டார்ட்மத். இதே பேச்சு, ஒரு வார்த்தை மாத்தாதீங்க."

கெசையா தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் திரும்பி, துறைமுகத்துக்கு இறங்குகிற சந்தில் நடந்தார்கள். சாம்சன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பெங்கெல்லி அவனைக் கூப்பிட வாயைத் திறந்தார். அதற்குள் வாத்தியக் குழு ஆரம்பித்துவிட்டது.